தினமும் வேதம் வாசித்துக் குறிப்பெழுதுவது எப்படி? முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி, பிப்ரவரி பாதிக்குள் பைபிளை மூடி வைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் சபையின் வேதபாடக் குழுவில் புதிதாகச் சேருகிறவர்களோடு உட்கார்ந்து பார்த்ததில், பக்திக் குறைவால் நிறுத்தியவர்கள் கொஞ்சம் பேர்தான். எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று தெரியாமல் நிறுத்தியவர்களே அதிகம்.

குறிப்பாக ஒன்று. அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே, "இன்று கர்த்தர் எனக்கு என்ன சொல்கிறார்?" என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் எல்லா அதிகாரமும் ஒன்றுபோலத் தெரிகிறது. எழுதுகிற குறிப்பும் ஒன்றுபோல ஆகிறது. அதன்பின் நோட்டை எடுக்கவே மனம் வருவதில்லை.

கீழே உள்ள வரிசை ஒரு நாளைக்கு சுமார் 25 நிமிடம் கேட்கும். 1, 2, 3 ஆகியவை ஒரே ஒரு முறை செய்யவேண்டியவை. ஒரு ஞாயிறு மதியம் போதும். 4 முதல் 8 வரை தினமும். மற்றவை தேவைப்படும்போது.

1. எடுத்து வைக்கவேண்டியவை

அச்சுப் பைபிள் ஒன்று. எழுத்து பெரிதாக இருக்கட்டும். திடப்படுத்தலின்போது கிடைத்த கையடக்கப் பைபிளை வைத்துத் தொடங்குகிறவர்கள், கண் வலிப்பதைச் சோம்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒத்துவாக்கியம் (ஒரு வசனத்தோடு தொடர்புள்ள மற்ற வசனங்களின் எண்கள்) உள்ள பதிப்பாக இருந்தால் நல்லது. அதன் பயன் 6ஆம் படியில் தெரியும்.

உங்கள் சபையில் எந்த மொழிபெயர்ப்பை வாசிக்கிறார்களோ அதையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். ஆராதனையில் காதில் விழுவதும் வீட்டில் கண்ணில் படுவதும் ஒன்றாக இருந்தால்தான் வசனம் மனதில் தங்கும். பழைய நடை புரியாத இடத்தில் பார்த்துக்கொள்ள, எளிய தமிழில் உள்ள இன்னொரு மொழிபெயர்ப்பு பக்கத்தில் இருக்கலாம். பார்த்துவிட்டு முதன்மைப் பைபிளுக்குத் திரும்பிவிட வேண்டும். கத்தோலிக்கர்கள் திருவிவிலியத்தையே வைத்துக்கொள்ளலாம். நூல்களின் பெயர்கள் மாறும், முறை மாறாது.

கோடு போட்ட 192 பக்க நோட்டு ஒன்று. தேதி அச்சிட்ட டைரி வேண்டாம். நான்கு நாள் விட்டுப்போனால் நான்கு வெற்றுப் பக்கங்கள் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஐந்தாம் நாள் டைரியைத் திறக்கவே கூசும். சாதாரண நோட்டில் விடுபட்ட நாளுக்கு இடமே கிடையாது. நீங்கள் எழுதுகிற தேதி மட்டும்தான் இருக்கும்.

பென்சில் ஒன்று. பைபிள் தாள் மெலிது. ஜெல் பேனா மறுபக்கம் ஊறும். பால்பாயிண்ட் அழுத்தினால் தடம் விழும்.

கைபேசி அடுத்த அறையில். கைபேசியில்தான் வாசிக்க முடியும் என்ற நிலை இருந்தால், வேதாகமத்தைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு, இணையத்தை அணைத்துவிட்டு வாசியுங்கள். ஒரு வாட்ஸ்அப் சத்தம் போதும், வாசித்த வசனம் காணாமல் போவதற்கு.

2. எதை வாசிப்பது என்று முதலிலேயே முடிவுசெய்யுங்கள்

காலையில் பைபிளைத் திறந்துவிட்டு "இன்று எதை வாசிக்கலாம்?" என்று புரட்டுகிறவர் கடைசியில் சங்கீதம் 23க்கோ 91க்கோதான் போவார். தெரிந்த இடத்துக்குத்தான் கை போகும். அதனால் மூன்று மாதத்துக்கான வரிசையை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

ஆதியாகமத்திலிருந்து வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 66 புத்தகங்கள் கொண்ட வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். ஒரு வருடத்தில் முடிக்க நாளுக்கு மூன்றுக்கும் கொஞ்சம் மேல். ஜனவரி 1 முதல் மூன்று மூன்றாக வாசித்தால், 25ஆம் தேதி யாத்திராகமம் 25க்கு வந்து சேர்வீர்கள்: ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகள், திரைகள், கொளுவிகள், பாதங்கள். அங்கே தப்பிப் பிழைத்தவர்களை ஜனவரி 31 அன்று லேவியராகமம் பிடித்துக்கொள்ளும். இந்தப் பகுதிகள் வீணானவை அல்ல. ஆனால் வாசிக்கும் பழக்கமே இன்னும் உருவாகாதவருக்கு முதல் மாதத்தில் இவை அதிகம்.

நான் கொடுக்கும் வரிசை இது: மாற்கு, அப்போஸ்தலருடைய நடபடிகள், பிலிப்பியர், ரூத், யோனா, யாக்கோபு. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒரு அதிகாரம்.

மாற்கு ஏன் முதலில் என்றால், சுவிசேஷங்களில் அதுதான் சிறியது, 16 அதிகாரம். நீண்ட பிரசங்கங்கள் குறைவு, சம்பவங்கள் அதிகம். வாசிக்கத் தொடங்கிய நான்காவது வாரத்திலேயே ஒரு புத்தகத்தை முடித்துவிடுகிறீர்கள். அந்த முடித்த உணர்வு புதியவர்களுக்கு நிரம்பத் தேவை.

நடபடிகளுக்குப் பின் பிலிப்பியர் வருவதற்கும் காரணம் உண்டு. நடபடிகள் 16இல் பிலிப்பி பட்டணத்தைப் பார்த்திருப்பீர்கள்: ஆற்றங்கரையில் லீதியாள், சிறையில் நடுராத்திரிப் பாட்டு, சிறைச்சாலைக்காரன். இரண்டரை வாரம் கழித்து, அதே ஊர் சபைக்குப் பவுல் எழுதிய கடிதத்தைத் திறக்கும்போது அது முகவரி தெரிந்த கடிதமாக இருக்கும். "சந்தோஷமாயிருங்கள்" என்று எழுதும் கை கட்டப்பட்டிருக்கிறது என்பதும் (பிலிப்பியர் 1:13) அப்போது உறைக்கும். ரூத்தும் யோனாவும் நாலு நாலு அதிகாரம்; பழைய ஏற்பாட்டுக்குள் நுழைய நல்ல வாசல்.

மொத்தம் 61 அதிகாரங்கள். 13 வாரத்தில் வாசிப்பு நாட்கள் 65. மீதியுள்ள நாலு நாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாற்கு 14இல் 72 வசனங்கள் இருக்கின்றன, நடபடிகள் 7இல் 60. இரண்டையும் இரண்டிரண்டு நாளாகப் பிரித்தால் இரண்டு நாள் போய்விடும்.

சனிக்கிழமை ஒரு சங்கீதம். ஞாயிற்றுக்கிழமை தனி வாசிப்பு வேண்டாம். ஆராதனையில் வாசித்த பகுதியின் எண்ணை மட்டும் நோட்டில் குறித்தால் போதும்.

3. நேரத்தைக் கடிகாரத்தில் கட்டாதீர்கள்

இயேசு இருட்டோடே எழுந்து ஜெபிக்கப் போனார் (மாற்கு 1:35). அதை வைத்து, காலை 4.30க்கு எழாதவர் விசுவாசியே இல்லை என்பதுபோலப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பணி முடித்து வரும் நர்சுக்கும், அதிகாலையில் வலை இழுத்துவிட்டு வருகிறவருக்கும், மூன்று டிபன் பாக்ஸ் கட்டவேண்டிய அம்மாவுக்கும் அந்த விதி பொருந்தாது. பொருந்தாத விதியை மூன்றாம் நாளே கைவிட வேண்டிவரும்.

தினமும் எப்படியும் நடக்கிற ஒரு காரியத்துக்கு அடுத்ததாக வாசிப்பை வையுங்கள். "பிள்ளைகள் வேன் ஏறியதும்." "கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்ததும்." "ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவி முடிந்ததும்." வேன் பத்து நிமிடம் தாமதமானால் வாசிப்பும் பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். 6 மணி என்று வைத்தால், 6.10க்கு எழுந்த அன்று முழுவதுமே போய்விடும்.

கட்டிலில் வேண்டாம். மேஜையோ, தரையில் பாயோ, சமையலறைத் திண்டோ, எழுத முடிகிற இடமாக இருக்க வேண்டும்.

வீட்டில் குடும்ப ஜெபம் நடந்தால் அது நடக்கட்டும். இது அதற்கு மாற்று அல்ல, அதுவும் இதற்கு மாற்று அல்ல. அங்கே ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள். இங்கே நீங்களே தோண்ட வேண்டும்.

4. சிறிய ஜெபம், பிறகு இரண்டு வாசிப்பு

ஜெபம் ஒரு வரி போதும். சங்கீதம் 119:18ஐ அப்படியே சொல்லலாம்: "உமது வேதத்திலுள்ள அதிசயங்களை நான் பார்க்கும்படிக்கு, என் கண்களைத் திறந்தருளும்." நீண்ட ஜெபத்தைக் கடைசிக்கு வைக்கச் சொல்கிறேன். முதலிலேயே வீட்டுக் கவலையெல்லாம் கொட்டிவிட்டால், அதே கவலைக்கு ஒரு பதில் தேடித்தான் அதிகாரத்துக்குள் போவோம். தேடுவது மட்டும்தான் கண்ணில் படும்.

முதல் வாசிப்பு மடமடவென்று. அடிக்கோடு, ஒத்துவாக்கியம், அடிக்குறிப்பு எதுவும் வேண்டாம். அதிகாரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிவதற்காக மட்டும்.

இரண்டாம் வாசிப்பு வாய்விட்டு. பழைய மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் நீளம். யார் யாரிடம் பேசுகிறார் என்பதைக் கண் தாண்டிப் போய்விடும், வாய் தாண்டாது. வீட்டில் மற்றவர்கள் தூங்கினால் முணுமுணுத்தாலும் சரி. இந்த வாசிப்பில் நின்று யோசிக்க வைத்த இடத்தில் பென்சிலால் ஒரு சிறிய புள்ளி வையுங்கள். முழு வசனத்தையும் கோடிட வேண்டாம். நாலு வண்ணப் பேனாவில் பக்கம் முழுக்கக் கோடிட்ட பைபிள்களைப் பார்த்திருக்கிறேன். அதில் எது முக்கியம் என்று சொந்தக்காரருக்கே தெரியாது.

5. அதிகாரத்தில் இருப்பதை எழுதுங்கள்: இதுதான் முக்கியமான படி

தேதி, புத்தகம், அதிகாரம் போட்டுவிட்டு மூன்று முதல் ஆறு வரிகள். "நான்", "என்", "எனக்கு" என்ற வார்த்தைகள் இந்த வரிகளில் வரக்கூடாது. யார், எங்கே, என்ன சொன்னார், என்ன செய்தார், அடுத்து என்ன ஆயிற்று, அவ்வளவே.

மாற்கு 4:35–41, கடலில் புயல். இந்தப் பகுதிக்குப் புதியவர்கள் எழுதும் குறிப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: "என் வாழ்க்கையில் எத்தனை புயல் வந்தாலும் இயேசு என்னோடு இருக்கிறார். பயப்படத் தேவையில்லை. ஆமென்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு சோதனை வைத்துப் பாருங்கள்: அதிகாரத்தைத் திறக்காமலேயே இதை எழுதியிருக்க முடியுமா? முடியும். ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட கதையே போதும். அப்படியானால் இன்றைய வாசிப்பிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம்.

இப்போது இருப்பதை மட்டும் எழுதிப் பார்ப்போம்.

"சாயங்காலம். அக்கரைக்குப் போவோம் என்று சொன்னது இயேசு (35). வேறு படவுகளும் கூட வந்தன (36). படவு நிரம்பும் அளவுக்கு அலை (37). அவர் பின்னணியத்தில் தலையணை வைத்துத் தூங்குகிறார் (38). சீஷர்கள் எழுப்பிக் கேட்டது: நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா? காற்றை அதட்டினார், கடலிடம் 'இரையாதே, அமைதலாயிரு' என்றார் (39). அமைதியான பிறகு சீஷர்கள் 'மிகவும் பயந்து' இவர் யாரோ என்றார்கள் (41)."

எழுதி முடித்ததும் மூன்று விஷயங்கள் துருத்திக்கொண்டு நிற்கும். ஒன்று, அவர் சொல்லித்தான் கிளம்பினார்கள். கீழ்ப்படிந்து போன வழியில்தான் புயல். இரண்டு, சீஷர்கள் காப்பாற்றும்படி கேட்கவில்லை, குறை சொன்னார்கள். மூன்று, காற்று நின்ற பிறகு பயம் போகவில்லை, கூடியிருக்கிறது. புயலைப் பார்த்துப் பயந்தவர்கள் இப்போது படவுக்குள் இருப்பவரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். "பயப்படத் தேவையில்லை, ஆமென்" என்ற குறிப்பில் இந்த மூன்றில் எதற்கும் இடமில்லை.

முதல் ஒரு வாரம் இந்தப் படி பள்ளிக்கூட வேலை மாதிரி இருக்கும். குழுவில் பலர் இங்கேதான் முகம் சுளிப்பார்கள், "இது தியானமா, கட்டுரையா?" என்று ஒருவர் கேட்டே விட்டார். மாற்கு 6, 7 வரும்போது அந்தக் கேள்வி தானாக நின்றுபோகும். அதற்குள் கண் பழகிவிடுகிறது.

கடிதங்களில் சம்பவம் இருக்காது. அங்கே "என்ன சொல்கிறார், அதற்கு என்ன காரணம் சொல்கிறார்" என்று மட்டும் எழுதுங்கள். "ஆகையால்", "ஏனெனில்", "ஆனாலும்" வரும் இடங்களில் புள்ளி வைத்தால் வாதத்தின் எலும்புக்கூடு தெரியும்.

6. ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று

அதிகாரத்தில் புரியாதது ஒன்றை நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுங்கள். பின்னாலிருந்து முன்னாக எழுதிக்கொண்டு வாருங்கள். தினக்குறிப்பின் நடுவில் எழுதினால் பிறகு தேடி எடுக்க முடியாது.

கேள்வி எழுதியதும் இணையத்தில் தேடப் போகாதீர்கள். முதலில் அதே அதிகாரத்தில், அதே புத்தகத்தில் பாருங்கள். மாற்கு 11இல் அத்திமரத்தைச் சபிக்கும் இடத்தில் எல்லோரும் நிற்பார்கள். அத்திப்பழக் காலமே இல்லை என்று 13ஆம் வசனமே சொல்கிறது. அப்படியிருக்க மரத்தின்மேல் என்ன கோபம்? அதிகாரத்தின் வரிசையைப் பாருங்கள்: அத்திமரம் (12–14), தேவாலயத்தில் வியாபாரிகளைத் துரத்துதல் (15–19), பட்டுப்போன அத்திமரம் (20–21). மரத்தின் கதை ஆலயத்தின் கதையை இரண்டு பக்கமும் அணைத்து நிற்கிறது. இலை நிறைய, கனி இல்லை என்பது மரத்தைப் பற்றி மட்டும் சொன்னதல்ல. இருப்பதை வரிசையாக எழுதிய 5ஆம் படிதான் இதைக் காட்டிக்கொடுக்கிறது.

அதற்குப் பின் ஒத்துவாக்கியம். ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் திறந்து பாருங்கள். மாற்கு 4இன் புயலுக்கு மத்தேயு 8ஐத் திறந்தால், அங்கே சீஷர்கள் "எங்களை இரட்சியும்" என்று கெஞ்சுகிறார்கள். மாற்கு பதிவு செய்தது அந்தக் குறையின் தொனியை. ஐந்து ஒத்துவாக்கியம் திறந்தால் அரை மணி நேரம் போய்விடும். வாசிக்க வந்த அதிகாரமும் மறந்துவிடும்.

பதில் கிடைக்காத கேள்விகள் இருக்கும். நடபடிகள் 5இல் அனனியாவும் சப்பீராளும் அடுத்தடுத்து விழுந்து சாகும் இடம் அப்படிப்பட்டது. தேதியோடு எழுதிவிட்டு மேலே போங்கள். அன்றே தீர்க்க வேண்டும் என்று உட்கார்ந்தால் அந்த அதிகாரத்திலேயே நின்றுவிடுவீர்கள்.

7. இப்போதுதான் "எனக்கு"

இருப்பதை எழுதிய பிறகு ஒரு கோடு போட்டு, கீழே இரண்டு அல்லது மூன்று வரி. மேலே எழுதியதில் ஏதாவது ஒரு வரியிலிருந்து இது வர வேண்டும். எந்த வரி என்று வசன எண் போடுங்கள். எண் போட முடியவில்லை என்றால், அந்த எண்ணம் அதிகாரத்திலிருந்து வரவில்லை, நீங்கள் கொண்டுவந்தது.

புயல் பகுதிக்கு ஒருவர் எழுதக்கூடிய குறிப்பு: "(38) வேலை இடமாற்றத்தைப் பற்றி இரண்டு மாதமாக எல்லோரிடமும் புலம்புகிறேன், ஜெபத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று 'உமக்குக் கவலையில்லையா' என்று அவரிடமே கேட்டுவிடுவது." இதில் விசுவாச வீரம் ஒன்றும் இல்லை. ஆனால் உண்மை இருக்கிறது, இன்று ராத்திரிக்குள் செய்ய ஒரு காரியமும் இருக்கிறது.

இங்கே தொடர்ந்து பார்க்கும் தவறுகள் சில.

பொதுவாக எழுதுவது: "விசுவாசத்தில் வளர வேண்டும்", "அன்பாக இருக்க வேண்டும்". யாரிடம், எப்போது, எதில் என்று இல்லாத வரியை நாளைக் காலையில் நீங்களே மறந்துவிடுவீர்கள்.

அடுத்தவருக்கு எழுதுவது. யாக்கோபு 3இல் நாவைப் பற்றி வாசித்ததும் மாமியாரோ மருமகளோ நினைவுக்கு வருவது இயல்புதான். நோட்டில் அவர்கள் பெயர் வரக்கூடாது.

தினமும் ஏதாவது கிடைத்தே ஆகவேண்டும் என்று பிழிவது. சில நாள் ஒன்றும் வராது. "இன்று ஒன்றும் தோன்றவில்லை" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். மேலே உள்ள வரிகள் இருக்கின்றன, அந்த வேலை வீணாகாது.

கடைசித் தவறு கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியது: ஒற்றை வசனத்தைப் பிய்த்தெடுப்பது. புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுத்துப் பழகிய நமக்கு இது கை வந்த கலை. "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்" என்ற வசனத்தைக் கடைத் திறப்பு அழைப்பிதழிலும் வீட்டுச் சுவரிலும் பார்த்திருப்பீர்கள். யோபு 8:7. பேசுகிறவர் கர்த்தர் அல்ல, யோபின் நண்பர்களில் ஒருவரான பில்தாத். பத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த மனிதனிடம், உன் பிள்ளைகள் பாவம் செய்ததால்தான் போனார்கள் என்ற தோரணையில் மூன்று வசனம் முன்னால் பேசிவிட்டு (8:4), நீ சுத்தனாயிருந்தால் எல்லாம் சரியாகும் என்று புத்தி சொல்லும்போது வருகிற வரி அது. யோபும் நண்பர்களும் பேசி ஓய்ந்தபின், அந்த நண்பர்கள் தம்மைக் குறித்துச் சரியாகப் பேசவில்லை என்று கர்த்தரே கோபப்படுகிறார் (42:7). யோபின் முடிவு ஆசீர்வதிக்கப்பட்டது உண்மைதான் (42:12). ஆனால் பில்தாத் போட்ட கணக்கின்படி அல்ல.

பிலிப்பியர் 4:13ம் அப்படித்தான். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைத் தேர்வு எழுதப் போகிறவருக்கு அனுப்புகிறோம். முந்தைய வசனத்தில் பவுல் பேசுவது பட்டினியாய் இருக்கவும், குறைவுபடவும் கற்றுக்கொண்டதைப் பற்றி.

ஆகவே ஒரு விதி: ஒரு வசனத்தைத் தனியாக நோட்டில் எடுத்தெழுதும் முன், அதற்கு மேலே பத்து வசனம், கீழே பத்து வசனம் வாசியுங்கள். யார் யாரிடம் பேசுகிறார் என்று வசனத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள்.

8. எழுதியதை ஜெபியுங்கள்

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டே ஜெபியுங்கள். கோட்டுக்கு மேலே உள்ளதற்கு நன்றியோ வியப்போ, கீழே உள்ளதற்கு விண்ணப்பம். வீட்டுக் கவலைகள் இப்போது வரலாம். இனி அவை வாசிப்பைக் கெடுக்காது.

தியானப் புத்தகமும் வாட்ஸ்அப்பில் வரும் காலைச் செய்தியும் இதற்குப் பிறகுதான். முதலில் கேட்டுவிட்டால் அந்தப் பிரசங்கியாரின் கண்ணோடுதான் அதிகாரத்தைப் பார்ப்பீர்கள். பிறகு கேட்டால், நீங்கள் பார்த்ததை அவர் பார்த்தாரா என்று ஒப்பிடலாம். சில நாள் அவர் பார்க்காததை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

9. நாள் தவறினால்

தவறும். காய்ச்சல், கல்யாண வீடு, மாதக் கடைசிக் கணக்கு, ஒன்றுமில்லாத சோம்பல், எதுவாகவும் இருக்கலாம். பாக்கியை அடைக்கக் கூடாது என்பதுதான் விதி. செவ்வாய் தவறினால், புதன்கிழமை செவ்வாயின் அதிகாரத்தை வாசியுங்கள், ஒன்று மட்டும். வரிசை ஒரு நாள் தள்ளிப்போகும், அதற்குத்தான் உபரி நாட்களும் தேதியில்லாத நோட்டும்.

வட்டிக் கடன்போலச் சேர்த்து வைத்து, ஞாயிறு மதியம் ஏழு அதிகாரம் வாசிக்க உட்கார்ந்தவர்கள் எழுதிய குறிப்பை நான் பார்த்ததில்லை. எழுதியிருக்க மாட்டார்கள். வாசித்து முடிப்பதே குறியாகிவிடும்.

ஒரு வாரமோ அதற்கு மேலோ விட்டுப்போனால், திரும்பும் முதல் நாளில் பழைய இடத்துக்குப் போகாதீர்கள். சங்கீதம் 13 வாசியுங்கள்; ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குவது. மறுநாள் விட்ட அதிகாரத்திலிருந்து. இடையில் மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதில்லை.

10. சனிக்கிழமை: திரும்பிப் பார்ப்பது

சங்கீதம் வாசித்தபின் அந்த வாரத்தின் ஐந்து குறிப்புகளையும் ஒருமுறை வாசியுங்கள். கடைசிப் பக்கக் கேள்விகளில் ஏதாவது தெளிந்திருந்தால், எந்த அதிகாரத்தில் தெளிந்தது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

நான்கு வாரமாக அசையாத கேள்வியைப் போதகரிடமோ வேதம் நன்கு படித்த ஒரு மூத்தவரிடமோ கொண்டுபோங்கள். ஆராதனை முடிந்து கைகுலுக்கும் கூட்டத்தில் கேட்காதீர்கள்; அவருக்கும் நேரம் இருக்காது, உங்களுக்கு ஒரு வரிப் பதில்தான் கிடைக்கும். வசன எண்ணோடு எழுதிக் கொடுத்துவிட்டு, "ஐயா, நேரம் இருக்கும்போது பேசலாமா?" என்று கேளுங்கள். நான் இதுவரை பார்த்த போதகர்கள் இப்படிக் கேட்பவரிடம் சலித்துக்கொண்டதில்லை. பொதுவாக யாரும் அவர்களிடம் வேதத்தைப் பற்றிக் கேட்பதே இல்லை.

நோட்டை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. குறிப்பைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடுவதை முதல் மூன்று மாதம் கட்டாயம் தவிர்க்கவும். யாரோ வாசிப்பார்கள் என்று தெரிந்தால் கோட்டுக்குக் கீழே உண்மை எழுத மாட்டோம்.

11. மூன்று மாதம் முடிந்தபின்

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, புதிய ஏற்பாட்டை முழுவதும் வாசிப்பது. அதில் 260 அதிகாரங்கள். வாரம் ஐந்து நாள் என்றால் சரியாக 52 வாரம். நோட்டில் ஒரு அதிகாரத்துக்கு அரைப் பக்கம் என்றாலும் 130 பக்கம்தான் ஆகும்.

இன்னொன்று முழு வேதாகமம். வாரநாட்களிலும் சனிக்கிழமையும் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் வாரத்துக்கு 23. ஒரு வருடத்துக்குள் 1,189ம் முடிந்துவிடும். இந்த வேகத்தில் தினமும் ஆறு வரி எழுத முடியாது. மூன்று அதிகாரத்துக்கும் சேர்த்து இரண்டு வரி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் முழுக் குறிப்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டையும் முழுதாகச் செய்ய முயன்றவர்கள் இரண்டையும் விட்டார்கள்.

யாத்திராகமம் 25க்கு வரும்போது முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். 25 முதல் 31 வரை கூடாரத்துக்கான கட்டளை, 35 முதல் 40 வரை அதைச் செய்து முடித்தது. கிட்டத்தட்ட அதே பட்டியல் இரண்டு முறை. நடுவில் 32இல் பொன் கன்றுக்குட்டி. நடுவில் உள்ள மூன்று அதிகாரங்களை நிதானமாகவும், இரண்டு பக்கமும் உள்ள பட்டியலை வேகமாகவும் வாசியுங்கள்.

லேவியராகமத்தை அச்சத்தோடு திறக்க வேண்டாம். பலிகளின் அதிகாரங்களில் "யாருக்காக, எதற்காக" என்று ஒரு வரி எழுதினால் போதும். 19:9இல், அறுப்பின்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே என்று வரும். அங்கே உங்கள் பழைய நோட்டை எடுத்து ரூத் 2இன் குறிப்பைப் பாருங்கள். 25ஆம் அதிகாரத்தில், விற்றுப்போன நிலத்தை உறவினன் மீட்கும் சட்டம் வரும்போது ரூத் 4இன் குறிப்பு. அந்த இரண்டு பக்கங்களிலும் ஓரத்தில் லேவியராகமத்தின் வசன எண்ணைப் பென்சிலால் எழுதிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போங்கள்.